செவியே முதல் வாயில்

குழந்தை பிறந்து ஏறக்குறைய ஓராண்டு காலம் ஒரு சொல்லும் பேசுவதில்லை. எனினும், "விளக்கு எங்கே?" என்று தாய் வினவியதும் விளக்கை நோக்கித் தலையைத் திருப்புகின்றது. அதன் மௌனத்தை எவரும் மந்தம் என்று கூறுவதில்லை. இரண்டாம் மொழி கற்க வந்த மாணவனிடத்தோ, பள்ளிக்கூடம் நெடுங்காலம் இந்தப் பொறுமையைக் காட்டவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், இலத்தீனைக் கற்பித்த முறையிலேயே வாழும் மொழிகளும் கற்பிக்கப்பட்டன. இலக்கண விதிகளை மனனஞ் செய்தலும் வாக்கியங்களை மொழிபெயர்த்தலுமே பாடமாயின. பல்லாண்டு கற்றவரும், அம்மொழிக்குரியோர் இயல்பாகப் பேசுங்கால் பொருள் விளங்காது திகைத்தனர். இந்நிலை மாறியே ஆகவேண்டும் என வற்புறுத்தி, ஜேர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் வியேற்றர் 1882இல் சிறு நூலொன்றை வெளியிட்டார்.

செவிக்கு உரிய இடத்தை வகுப்பறையில் தேடியவருள் ஹரோல்ட் பால்மர் என்னும் ஆங்கிலேயர் குறிப்பிடத்தக்கவர். 1922இல் யப்பான் சென்ற அவர், மறு ஆண்டு அங்கே ஆங்கிலக் கற்பித்தலை ஆராயும் நிலையமொன்றை நிறுவினார். பேச்சுக்கு முன் கேட்டல் என்பது அவர் கொள்கை. ஆசிரியர், "எழுந்து நில்", "கதவைத் திற" என்று ஆங்கிலத்தில் ஆணையிடுவார். மாணவன் வாய் திறவாமலே அதனைச் செய்து காட்டுவான். செய்கை பிழைத்தால், பொருள் விளங்கவில்லை என்பது அக்கணமே புலப்படும். பேச அஞ்சும் மாணவனும் தான் விளங்கிக்கொண்டதை மெய்ப்பிக்க வழி பிறந்தது. ஆயினும், தேர்வுகள் வாசிப்பையும் மொழிபெயர்ப்பையுமே வேண்டி நின்றமையால் அம்முறை பரவலாக வேரூன்றவில்லை. 1936இல் பால்மர் நாடு திரும்பினார்.

1943இல் பி.பி.சி. வானொலி ஆங்கில பாடங்களை ஒலிபரப்பத் தொடங்கியது. 1958ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் பின் அமெரிக்கப் பள்ளிகளில் மொழிக்கூடங்கள் பெருகின. மாணவர் செவிக்கருவி அணிந்து, ஒலிநாடாவைக் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லினர். ஆனால், கிளியும் திருப்பிச் சொல்லும், பொருளறிந்து சொல்வதில்லை. அறுபதுகளில் ஜேம்ஸ் ஆஷர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், ஆணையும் செய்கையுமான முறையை மீண்டும் கையாண்டார்.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. கருவி மட்டும் கேட்கும் ஆற்றலை வளர்ப்பதில்லை. எதனை அறிவதற்காகக் கேட்கவேண்டும் என்பதை முன்னரே சொல்லி, மறுமுறையும் கேட்கவிட்டு, விடை வரும்வரை காத்திருக்கும் ஆசிரியரே அதனை வளர்க்கின்றார். மௌனமாயிருக்கும் மாணவன் கற்கவில்லை என்று முடிவுகட்டுதல் தகாது. அவன் செவி அப்போதும் உழைத்துக்கொண்டிருக்கக்கூடும்.