கொலராடோ கழிமுகத் தாவரங்கள்

மெக்சிகோவின் வடமேற்கில், சொனோரப் பாலைவனத்தினூடே சென்று கலிபோர்னியா வளைகுடாவிற் சங்கமிக்கும் கொலராடோ நதியின் கழிமுகச் சமவெளி, 1935இல் ஹூவர் அணை எழும்பும்வரை, மலைப்பனி உருகிப் பெருகும் வருஷாந்தர வெள்ளத்தால், கரையோரம் காட்டன்வுட், வில்லோ மரங்களும், மேட்டில் நம் சீமைக்கருவேலத்தின் உறவான மெஸ்கீட்டும் செறிந்த வனமாக விளங்கியது. பஞ்சிழை சூடிப் பறக்கும் காட்டன்வுட் விதை சில வாரங்களே உயிர்ப்புடன் இருக்குமாதலால், வெள்ளம் வடிந்த ஈர வண்டலில் விரைந்து விழுந்தாலன்றி முளைப்பதில்லை. அவ்வெள்ளம் நின்றபின், உப்பேறிய நிலத்தை அந்நியத் தாவரமாகிய டாமரிஸ்க் கவர்ந்துகொண்டது. விசித்திரம் யாதெனில், அரிசோனா வயல்கள் கழித்துவிட்ட உவர்நீரே 1977 முதல் சியனேகா டி சாந்தா கிளாரா என்னும் சம்பங்கோரைச் சதுப்பைப் போஷித்து வருகிறது. 2014 வசந்தத்தில், அமெரிக்க-மெக்சிகோ உடன்பாட்டின்படி நதியில் எட்டு வாரம் நீர் விடப்பட்டபோது, காட்டன்வுட்டும் வில்லோவும் புதிதாய் முளைத்தன. டாமரிஸ்க்கும் உடன் முளைத்தது.