வீடியோ விளையாட்டும் ஆக்கியோன் வினாவும்

வீடியோ விளையாட்டு கலையாகுமா என்னும் வினா இந்நூற்றாண்டில் எழுந்ததெனப் பலரும் கருதுவர். அமெரிக்கத் திரைப்படத் திறனாய்வாளர் ராஜர் ஈபர்ட் 2005ஆம் ஆண்டில் கூறிய மறுப்பையே அதன் தொடக்கமாகக் காட்டுவர். நூலும் திரைப்படமும் ஆக்கியோன் ஆணைக்கு உட்பட்டவை. விளையாட்டோ ஆடுவோன் விருப்பிற்கு இடந்தருவது. ஆதலின் அஃது அவற்றிற்கு நிகராகாது என்பது அவர்தம் கொள்கை. 2010இல், போதிய ஆட்டங்களை ஆடிப்பாராது எழுதப் புகுந்தமை தகாதென அவர் ஒப்பினார். கொள்கையை மட்டும் கைவிட்டிலர். ஆயின், இம்மறுப்பின் கரு 23 ஆண்டுகட்கு முன்னரே அந்நாட்டு நீதிமன்றத்தில் ஆராயப்பெற்றது.

‘ஸ்கிராம்பிள்’ என்பது ஜப்பானியக் கொனாமி நிறுவனம் ஆக்கிய விண்கல ஆட்டம். அமெரிக்காவில் அதன் உரிமை பெற்ற ஸ்டெர்ன் நிறுவனம், அதனைப் படியெடுத்து விற்றோர்மீது வழக்குத் தொடுத்தது. எதிர்வழக்காடியோர் கூற்று நுட்பமானது. ஆடுவோன் கைக்கேற்பத் திரைக்காட்சி ஒவ்வொருகாலும் மாறுகின்றது. நிலைத்த வடிவம் இன்மையின் பதிப்புரிமைக்குரிய படைப்பு ஈண்டில்லை என்றனர். (இத்துணை ஆழ்ந்த கலை வினா படியெடுத்து விற்றோர் வாயிலாக வெளிப்பட்டமை வியப்பிற்குரியது.) 1982 சனவரியில் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு மன்றம் அதனை ஏற்க மறுத்தது. கலங்களின் உருவும் நிறமும், நிலக்காட்சிகள் தோன்றும் முறைமையும், ஒலிகளும் யார் ஆடினும் மாறாது வருவன. ஆடுவோன் பங்கு கொள்வதால் அவற்றின் படைப்புத்தன்மை கெடாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டத்திற்கு இவ்விடை சாலும், கலையாராய்ச்சிக்குச் சாலாது. மாறாத பகுதியைக் காட்டி ஆக்கியோன் உளன் என நிறுவிய மன்றம், விளையாட்டிற்கே சிறப்பாக உரிய மாறும் பகுதியைத் தொடாது விட்டது. ‘டெட்ரிஸ்’ ஆட்டத்தை நோக்குக. ஏழு வடிவத் துண்டுகள் மேலிருந்து விழும். அவை வரும் வரிசை ஆட்டந்தோறும் வேறு. ஆயினும், இடைவெளி விழுந்துவிடுமோ என்னும் பதைப்பு ஆடுவோர் பலர்க்கும் பொது. அப்பதைப்பிற்கு வழிவகுத்த விதிகளை யாத்தவர் ஆடுவோர் அல்லர்; 1984இல் மாஸ்கோவில் அதனை ஆக்கிய அலெக்சி பாஜித்நவ் ஆவர். எனவே, ஆக்கியோன் ஆணை காட்சியினும் விதியிலேயே மிகுதியும் தங்குகின்றது எனல் வேண்டும்.

நியூயார்க் நவீனக் கலைக்கூடம் 2012இல் இதனையும் உள்ளிட்ட 14 விளையாட்டுக்களை ஏற்றபோது, ஓவியத்தோடு வையாது கட்டடக்கலை, வடிவமைப்புத் துறையிற் சேர்த்தது. இது வினாவினின்று நழுவியதுபோலத் தோன்றினும், உற்றுநோக்கின் பொருத்தமுடையதே. அக்கூடம் ஆட்டத்தின் படியோடு அமையாது, விதிகள் எழுதப்பெற்ற மூல நிரலையும் இயன்றவிடத்துப் பெற முயன்றது.