சீட்டெடுத்த கிளியும் பேசிய கிளியும்

2024 ஏப்ரல். நாடாளுமன்றத் தேர்தல் நேரம். கடலூர் தொகுதியில் பா.ம.க. வேட்பாளராக நின்ற இயக்குநர் தங்கர் பச்சான், ஓட்டு கேட்கப் போன இடத்தில் ஒரு கிளி ஜோசியரிடம் சீட்டு எடுத்துப் பார்த்தார். ஜெயிப்பீங்க என்று பலன் வந்தது. அந்த வீடியோ பரவியதும் வனத்துறை வந்து, கிளியைக் கூண்டில் வைத்திருந்ததற்காக ஜோசியரைப் பிடித்துக்கொண்டு போனது. தேர்தலில் அந்தத் தொகுதியைக் காங்கிரஸ் ஜெயித்தது.

அப்போது எல்லாரும் பேசியது இரண்டு விஷயம்தான். ஜோசியம் பலிக்குமா, கைது சரியா. எனக்கு மூன்றாவதாக ஒரு கேள்வி இருந்தது. கூண்டைத் திறந்தால் பறந்து போகாமல் வெளியே வந்து, சீட்டை உருவி, நெல்லை வாங்கிக்கொண்டு தானாக உள்ளே போகிற அளவுக்கு ஒரு பறவையைப் பழக்கிய வித்தை எங்கே இருந்து வந்தது?

கிளிக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது நம்மிடம் ரொம்பப் பழைய சங்கதி. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், வேதம் ஓதுகிறவர்கள் வீட்டுக் கிளிகளுக்கும் அந்த ஓசை பழக்கப்படுகிறது. காமசூத்திரம் சொல்லும் 64 கலைகளில், கிளிக்கும் மைனாவுக்கும் பேச்சுப் பழக்குவதும் ஒரு கலை. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்தை ஒட்டிக் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒன்று இருக்கிறது. அம்மன் பேரைச் சொல்லப் பழகிய கிளிகள் ஒரு காலத்தில் அங்கே வளர்ந்தன.

நம்ம ஊர்க் கிளி வெளிநாட்டிலும் பேர் வாங்கியது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாரசீக அரசவையில் வைத்தியராக இருந்த கிரேக்கர் டீசியஸ், இந்தியப் பறவை ஒன்று மனிதரைப்போல் இந்திய மொழி பேசும், கிரேக்கம் கற்றுக்கொடுத்தால் அதையும் பேசும் என்று எழுதினார். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி, கிளிக்குப் பேச்சுப் பழக்கும்போது தலையில் இரும்புக் கம்பியால் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு உறைக்காது என்று குறித்து வைத்திருக்கிறார். நம்ம ஜோசியர் கையில் இருந்தது கம்பி இல்லை, நெல்மணி. இந்த வித்தியாசம் பெரிசு.

இன்னொன்றையும் கவனிக்கணும். மேலே சொன்னது எல்லாமே பேச்சு. வேதம், சாமி பேர், அரசவை என்று மரியாதைப்பட்ட இடத்துப் பேச்சு என்பதால் அது ஏட்டில் ஏறியது. சீட்டெடுக்கக் கற்றுக்கொடுத்தவர் தெருவோரம் உட்கார்ந்திருந்தார். அவர் வித்தையை யாரும் எழுதவில்லை.

மோகனூரில் ஆடிப்பெருக்கு அன்றைக்குக் காவிரிக் கரையில் கூட்டம் நெரியும். அந்த மாதிரிக் கூட்டத்தில்தான் நான் சின்ன வயதில் கிளி ஜோசியரைப் பார்த்திருக்கிறேன். விரிப்பு, மரக்கூண்டு, சாமி படம் போட்ட சீட்டுக் கட்டு. நட்சத்திரக் கணக்குக்கு வழக்கமாக 27 சீட்டு. பேரைச் சொன்னதும் கூண்டுக் கதவு திறக்கும். கிளி நடந்து வந்து ஒவ்வொரு சீட்டாக அலகால் இழுத்துப் போட்டுக்கொண்டே வரும். ஒரு சீட்டில் நிற்கும். ஒரு நெல் கிடைக்கும். திரும்ப உள்ளே போய்விடும்.

வித்தை இதில் இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, கிளியின் சுபாவம். கிளிக்கு அலகுதான் கை. கதிரை இழுக்கும், தோலை உரிக்கும், வேண்டாததை உதறும். சீட்டை உருவிப் போடுவது அதற்குப் புது வேலையே இல்லை. இரண்டாவது, எப்போது நிறுத்துவது என்பது. அது கிளிக்குத் தெரிவது ஜோசியரின் கையிலிருந்து. கை அசைவும் தானியமும் சேர்ந்தே வந்து பழகிவிட்டால், கொஞ்ச நாளில் அசைவு ஒன்றே போதும்.

அமெரிக்காவில் பி.எஃப். ஸ்கின்னர் 1940களில் புறாக்களை வைத்து ஆராய்ந்தது இதைத்தான். முழுச் செயலையும் ஒரே நாளில் எதிர்பார்க்காதே, அதன் பக்கத்தில் வருகிற ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் தீனி கொடு, கொஞ்சம் கொஞ்சமாக வடிவம் வரும் என்றார். அவர் மாணவர்களான கெல்லர், மரியன் பிரேலண்ட் தம்பதி இதையே தொழிலாக்கினார்கள். அவர்கள் அதிகம் பழக்கிய பறவைகளில் ஒன்று கோழி! முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்துக்காரனான எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. கோழி பியானோ தட்டியது, ஆடியது. ஆனால் 1961இல் அவர்களே ஒரு கட்டுரையில், சுபாவத்துக்கு விரோதமான வேலையை எவ்வளவு தீனி போட்டாலும் நிலைக்க வைக்க முடியாது என்று எழுதினார்கள். நாணயத்தை உண்டியலில் போடப் பழக்கிய ரக்கூன், போடாமல் இரண்டு நாணயத்தையும் தேய்த்துக்கொண்டே இருந்ததாம். நம்ம ஜோசியர் தேர்ந்தெடுத்த வேலையோ கிளியின் சுபாவத்தோடு பொருந்திப் போவது.

இந்த வித்தை தமிழர்களோடு கடல் தாண்டியும் போனது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் 'மணி' என்ற கிளி காலிறுதி ஆட்டங்களின் முடிவைச் சரியாக எடுத்து உலகச் செய்தியானது. இறுதி ஆட்டத்துக்கு நெதர்லாந்து என்றது. ஸ்பெயின் ஜெயித்தது. கிளிக்கு நெல் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

இதுவரைக்கும் வித்தையைப் பத்திப் பெருமையாகப் பேசியாச்சு. இனி கிளியின் பக்கம்.

பச்சைக்கிளி மரப்பொந்திலும் மொட்டைப் பனையிலும் குஞ்சு பொரிக்கும். வியாபாரத்துக்கு வந்த கிளிகளில் பெரும்பாலானவை அந்தப் பொந்திலிருந்து எடுத்த குஞ்சுகள். ஜோசியக் கிளிக்கு இறகை வெட்டிவிடுவார்கள். அது பறக்காமல் உள்ளே போவதில் பழக்கம் பாதி, கத்தரி பாதி. பேச்சுக்கும் இதே மாதிரி ஒரு காரணம் உண்டு. கிளி கூட்டமாக வாழும் பறவை. கூட இருக்கிறவர்களின் ஓசையைக் கற்றுக்கொள்வது அதன் உறவு முறை. தனியாகக் கூண்டில் இருக்கும் கிளிக்குக் கூட்டம் என்றால் நாம்தான். அதனால் நம்ம குரலைக் கற்கிறது. நாம் ரசித்த பேச்சுக்கு அதன் தனிமையும் ஒரு காரணம்.

1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் வந்த திருத்தம் உள்நாட்டுக் காட்டுப் பறவை வியாபாரத்தைத் தடை செய்தது. 2022 திருத்தத்தின்படி பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் சரி என்பதுதான் என் கட்சி. ஆனால் பறிமுதல் ஆன கிளிக்குக் கதை அங்கே முடிவதில்லை. வெட்டின இறகு உதிர்ந்து புதுசாக முளைக்கணும். மனிதரைப் பார்த்துப் பயப்படவும், தீனியைத் தானே தேடவும் கற்கணும். பழக்கியதை மறக்க வைப்பதற்கும் பழக்கத் தெரிந்தவர் வேண்டும். அந்தப் பொறுமை யாரிடம் இருந்ததோ அவரை நாம் குற்றவாளிப் பட்டியலில் மட்டும் வைத்திருக்கிறோம்.

வீட்டில் வளர்த்துப் பழக்க ஆசைப்படுகிறவர்கள் பச்சைக்கிளியை விட்டுவிடுங்கள். நம்ம ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் ஆஸ்திரேலியச் சிறு கிளி பண்ணையில் பிறப்பது. விரலில் ஏறுவது, மணியை இழுப்பது எல்லாம் அதற்கும் வரும். தினைக் கதிரும் பொறுமையும் போதும்.

உங்க ஊரில் பழைய கிளி ஜோசியர் யாராவது இருந்தால் பலன் கேட்காதீங்க. கிளியை எப்படிப் பழக்கினீங்க, முதல் நாள் என்ன செஞ்சீங்க, எந்தக் கிளி கடைசிவரை பழகாமலே போச்சு என்று கேளுங்க. அவர் சொல்றதை அப்படியே எழுதி வையுங்க. வேதம் ஓதிய கிளிக்கு ஏடு இருக்கு. சீட்டெடுத்த கிளிக்கு அந்தப் பெரியவர்களின் நினைவு மட்டும்தான் இருக்கு.