மரக்கலமும் மேற்பூச்சும்

வடமராட்சிக் கடல்நீரேரி வடகடலோடு கலக்கும் வாய் தொண்டைமானாறு. சோழர் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்தமையால் அஃது அப்பெயர் எய்திற்று என்பது மரபு. இதன் கிழக்கே அணித்தாயுள்ள வல்வெட்டித்துறை மரக்கலத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்குக் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, 1938 ஆம் ஆண்டில் அத்திலாந்திக்குப் பெருங்கடலைக் கடந்து குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. இத்தகைய கலங்களைப் பற்றிப் பேசுவோர் மரத்தையும் பாயையும் போற்றுவர். மரத்தின் மேலுள்ள பூச்சை நினைப்பார் சிலரே. ஆயினும், கலத்தின் ஆயுளும் வேகமும் அம்மெல்லிய படையையே பெரிதும் சார்ந்திருந்தன.

கடலில் மரத்துக்குப் பகை இரண்டு. கப்பற்புழு பலகையைத் துளைத்து உள்ளிருந்தே அரிக்கும். பாசியும் கொட்டலசும் வெளியே ஒட்டி, நீரோடு உண்டாகும் உராய்வை மிகுவிக்கும். இவற்றைத் தடுக்கும் முயற்சி மிகப் பழையது. இந்தியா நோக்கிச் சென்ற சீனக் கலங்களுக்குச் சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் மரநெய்யோடு இடித்துப் பூசினர் என்று 13 ஆம் நூற்றாண்டினராகிய மார்க்கோ போலோ கூறியுள்ளார். இந்துசமுத்திரக் கரைகள் பலவற்றிலும் சுண்ணாம்பும் எண்ணெயும் கலந்த பூச்சு வழங்கிவந்தது. அது நாளடைவில் தேய்ந்து உதிரும். கலத்தைக் கரையேற்றி மீண்டும் பூசுதல் வேண்டும்.

ஐரோப்பியர் நிலையான காப்பை நாடினர். 1761 ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை ‘அலாம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகட்டால் போர்த்தியது. புழுவும் பாசியும் அணுகவில்லை. ஆனால், செம்பைத் தொட்ட இரும்பாணிகள் அரிக்கப்பட்டன. இடையே தாள் சிக்கியிருந்த ஆணிகள் மாத்திரம் தப்பின.

செம்பும் மெல்ல மெல்லக் கரைந்தது. அதனைத் தடுக்க, 1824 ஆம் ஆண்டில் சேர் ஹம்பிரி டேவி சிறு இரும்பு, நாகத் துண்டுகளைச் செம்போடு இணைத்தார். கரைதல் நின்றது, பாசியும் கொட்டலசும் முன்போல் ஒட்டத் தொடங்கின! செம்பு கரைந்தமையே அவ்வுயிர்களை விலக்கியது என்பது அப்போது புலனாயிற்று. தன்னை இழப்பதாலேயே அப்பூச்சுக் கலத்தைக் காத்தது.

மேற்பரப்பின் தன்மை வேகத்தை எத்துணை பாதிக்கும் என்பதைப் பின்னர் வில்லியம் புரூட் அளந்து காட்டினார். 1870களின் தொடக்கத்தில் அவர் பலகைகளை நீரில் இழுத்து ஆராய்ந்தார். 50 அடிப் பலகைக்குத் துணி போர்த்தியபோது தோன்றிய தடை, வார்னிசு பூசியபோது தோன்றியதினும் ஏறக்குறைய இருமடங்காயிற்று. பலகை மாறவில்லை, மாறியது அதன் தோலே.

தன்னை இழக்கும் பூச்சினால் வரும் கேடும் உண்டு. 20 ஆம் நூற்றாண்டில் வெள்ளீயச் சேர்வை கலந்த பூச்சுகள் கப்பல்களைத் தூய்மையாக வைத்தன. அவற்றினின்று கசிந்த நஞ்சோ சிப்பி, நத்தை ஆகியவற்றின் இனப்பெருக்கத்தைக் கெடுத்தது. ஆதலின், அவற்றைத் தடைசெய்யும் அனைத்துலக உடன்படிக்கை 2001 இல் ஏற்கப்பட்டு, 2008 இல் நடைமுறைக்கு வந்தது.

கலத்தினின்று தேய்ந்தது அழிந்துவிடுவதில்லை. அது நீரிற் சேர்கின்றது. ஆழ்கடலில் அது பரந்து மெலியும். தொண்டைமானாறு போன்ற ஒடுங்கிய கழிகளிலோ சேற்றிலே தங்கும். பூச்சின் நன்மையை வேகத்தாலும் ஆயுளாலும் மாத்திரம் அளந்த காலம் போயிற்று. அது எங்கே போய்ச் சேர்கின்றது என்பதனையும் உடன் அளத்தலே அறிவுடைமையாகும்.