மலை ஏறிய நண்டு

1980களில் பம்பாயில் வாழ்ந்த நம்மவர் பலர், விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தில் வெற்றுப் பெட்டிகளை இழுத்துச் சென்ற விந்தையான மின்சார எஞ்சின் ஒன்றைக் கண்டிருப்பர். நடுவே ஓர் அறை, இருபுறமும் நீண்ட மூக்கு, சக்கரங்களைப் பிணைத்து ஆடும் இரும்புத் தண்டுகள். ரயில்வேத் தொழிலாளர் அதற்கு இட்ட பெயர் 'கேக்டா', அதாவது நண்டு.

அந்த நண்டு பிறந்தது மலையின் பொருட்டு. பம்பாய்க்கும் புனேக்கும் இடையேயுள்ள போர் காட் மலைப்பாதை, 37 அடி சென்றால் ஓரடி உயர்வது. அங்கே நீராவி எஞ்சின்கள் பட்ட பாடு பெரிது. 1925 பிப்ரவரி 3ஆம் நாள் பம்பாய்க்கும் குர்லாவுக்கும் இடையே நம் நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது. பின்னர் மின்கம்பி மலைமீதும் ஏறியபொழுது, சரக்கு இழுப்பதற்கென 1928 முதல் 41 எஞ்சின்கள் தருவிக்கப்பட்டன. அமைப்பு சுவிட்சர்லாந்தினுடையது, பெரும்பாலானவை கட்டப்பெற்றது இங்கிலாந்தில். வலிமை 2600 குதிரைச் சக்தி. ஒன்றுக்கு அன்றைய கவர்னர் லெஸ்லி வில்சனின் பெயர் சூட்டினர்.

கவர்னர்கள் போயினர், அவற்றை வாங்கிய ரயில்வேக் கம்பெனியும் 1951இல் மத்திய ரயில்வேயில் கலந்தது. நண்டுகள் மட்டும் உழைத்துக்கொண்டே இருந்தன. 1970இல் சித்தரஞ்சனிலிருந்து புதிய எஞ்சின்கள் வரத் தொடங்கின. பழையவை படிப்படியாக மலையை விட்டிறங்கி, நிலையத்தில் பெட்டி கோக்கும் பணியை ஏற்றன. இதனைச் சிலர் பதவிக் குறைவு என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. நாற்பதாண்டு கடந்த இயந்திரத்தை உடைத்து விற்காமல், அதன் வலிமைக்கேற்ற வேலை தந்தனர்.

1990களின் முற்பகுதியில் அவை ஓய்வு பெற்றன. அவற்றை இயக்கிய 1500 வோல்ட் நேர்மின்சாரமும் 2016இல் மும்பை ரயில் பாதைகளினின்று நீங்கிற்று. ஓர் எஞ்சின் புதுதில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தில்லித் தமிழர் பிள்ளைகளுடன் சென்று காணலாம்.