தலாக்கோடு முடியாத கடமைகள்



கணவன் மனைவி பிரிந்த பின் ஜமாஅத் அலுவலகத்தின் படியேறி வரும் குடும்பத்தார் கேட்பவை பெரும்பாலும் மூன்றே கேள்விகள். மஹர் கொடுக்கப்பட்டதா? பெண் வீட்டார் போட்ட நகை எங்கே? பிள்ளைகளின் செலவுக்கு யார் பொறுப்பு? இவை புதிய கேள்விகள் அல்ல. நம் நாட்டில் முஸ்லிம் குடும்பச் சட்டம் கடந்து வந்த பாதை முழுவதும் இவற்றுக்கு விடை தேடிய பாதையே. அதனை அனைவரும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி, சுருக்கமாக இங்கே தருகிறோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் பல பகுதிகளின் நீதிமன்றங்கள் ஷரீஅத்தை விடுத்து, ஊர் வழக்கத்தையே முஸ்லிம்களுக்கும் பொருத்தின. அதனால் பெண்கள் சொத்துரிமையை இழந்தனர். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் இந்நிலையை மாற்றியது. நிகாஹ், தலாக், மஹர், ஜீவனாம்சம் ஆகியவை ஷரீஅத்தின்படியே தீர்க்கப்பட வேண்டும் என அது விதித்தது.

ஆயினும் ஒரு துயரம் எஞ்சியது. கணவன் காணாமற்போனாலோ, கைவிட்டாலோ ஹனஃபி மத்ஹபின்படி மனைவி நிகாஹை ரத்துச் செய்துகொள்வது மிகக் கடினமாயிருந்தது. விடுதலை பெற வேறு வழியின்றிச் சில பெண்கள் மார்க்கத்தை விட்டே விலகுவதாக அறிவித்தனர். இதனால் மனம் வருந்திய மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி அவர்கள், மாலிகி மத்ஹபின் தீர்வை ஏற்கலாம் என விளக்கி நூல் எழுதினார்கள். அதன் தொடர்ச்சியாக காஜி முஹம்மது அஹ்மது காஜ்மி அவர்கள் மசோதா கொண்டுவர, 1939இல் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் பிறந்தது. நான்காண்டுகள் கணவனைப் பற்றித் தகவல் இல்லாமை, ஈராண்டுகள் ஜீவனாம்சம் தராமை, கொடுமை முதலிய காரணங்களுக்காக மனைவி நீதிமன்றத்தை நாடலாம். அவ்வாறு ரத்துப் பெற்றாலும் மஹர் உரிமை போகாது என்பதை அச்சட்டத்தின் ஐந்தாம் பிரிவு தெளிவாக்குகிறது. நம்மில் பலர் இதனை அறியார்.

அடுத்த கேள்வி, பிரிந்த பின் அப்பெண்ணின் வாழ்வாதாரம் பற்றியது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஜீவனாம்சம் பற்றிய 125ஆம் பிரிவில், 'மனைவி' என்னும் சொல்லில் விவாகரத்தான பெண்ணையும் சேர்த்தது. இந்தூர் நகரின் ஷா பானு அவ்வழியே சென்றார். 1932இல் மணமான அவரை, வழக்குரைஞரான கணவர் 1978இல் தலாக் சொல்லிப் பிரிந்தார். மஹர் 3,000 ரூபாய். கீழ் நீதிமன்றம் மாதம் 25 ரூபாய் விதித்தது. உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985 ஏப்ரல் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தபோது நாடெங்கும் எழுந்த விவாதத்தை மூத்தோர் நினைவில் வைத்திருப்பர்.

அதன் விளைவாக வந்ததே 1986ஆம் ஆண்டுச் சட்டம். இத்தா காலத்திற்குள் 'நியாயமான, போதுமான ஏற்பாட்டையும்' ஜீவனாம்சத்தையும் முன்னாள் கணவர் தரவேண்டும்; மஹரும், நிகாஹின்போதும் பின்னரும் அவளுக்கு அளிக்கப்பட்ட பொருள்களும் அவளையே சேரும். பின்னும் வழியற்றவளுக்கு, அவளுக்கு வாரிசாகக் கூடிய உறவினர் பொறுப்பு. அவர்களாலும் இயலாவிடில் வக்ஃபு வாரியம் பொறுப்பு. உறவினர் ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே வழக்காடி அலையத் தேவையில்லை, அவர்களின் இயலாமையைக் காட்டி வாரியத்தையே நேரே நாடலாம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. தமிழ்நாடு வக்ஃபு வாரியம் தொடர்பான வழக்கு அது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஈராண்டு வரம்பு தந்தையின் கடமையைக் குறைக்காது என 1997இல் தீர்ப்பாயிற்று. பிள்ளைகள் பருவ வயது அடையும்வரை, பெண் மக்களாயின் திருமணம்வரை, தந்தையே பொறுப்பு. 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கின் தீர்ப்பு மற்றொன்றைத் தெளிவாக்கியது. இத்தா என்பது ஏற்பாட்டைச் செய்து முடிக்கும் காலமே. அந்த ஏற்பாடு அவளது எதிர்காலம் முழுவதற்கும் போதுமானதாக இருக்க வேண்டும். 2024 ஜூலை 10 அன்று வந்த தீர்ப்பு, 125ஆம் பிரிவின் வழியும் அவளுக்குத் திறந்தே உள்ளது என்றது. அப்பிரிவு இப்போது புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாக உள்ளது.

தலாக்கின் முறை பற்றியும் சட்டம் பேசியுள்ளது. தகுந்த காரணமும், இரு தரப்பு நடுவர்களின் சமரச முயற்சியும் இன்றிச் சொல்லப்படும் தலாக் செல்லாது என 2002இல் தீர்ப்பு வந்தது. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2017இல் செல்லாததாக்கப்பட்டது. 2019இல் மூன்றாண்டுவரை சிறைக்குரிய குற்றமாயிற்று.

இவ்விடத்தில் ஜமாஅத்தாகிய நம் எல்லையையும் உணர வேண்டும். 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் காஜிக்கு நீதிமன்ற அதிகாரம் எதையும் தரவில்லை. காஜி தரும் தலாக் சான்றிதழ் கருத்து மட்டுமே என 2017இலும், தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது, பெண்கள் குடும்ப நீதிமன்றத்தை நாடலாம் என 2023இலும் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. எனவே நாம் செய்யத்தக்கது சமரசம், தீர்ப்பளித்தல் அன்று.

ஆனால் நம் கையில் பெரியதொரு பொறுப்பு உண்டு. அது நிகாஹ் பதிவேடு. மஹர் எவ்வளவு, ரொக்கமா தங்கமா, கொடுக்கப்பட்டதா கடனா என்பது அதில் தெளிவாக இருந்தால், பின்னாளில் ஒரு பெண் சாட்சி தேடி அலைய நேராது. மணமகளுக்கு அளிக்கப்படும் நகைகளின் பட்டியலை இரு தரப்பும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்வது நன்று. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி அரசிடமும் பதிவு செய்ய வேண்டும். நிகாஹ் நாளில் இதைக் கேட்பது அபசகுனம் எனச் சிலர் எண்ணலாம். மஹர் அவளது உரிமை. உரிமையை எழுதிவைப்பதில் கூச்சம் எதற்கு?

நிகாஹ் முறியலாம், அதனால் விளைந்த கடமைகள் முறிவதில்லை. சட்டம் நம் வாசலுக்கு வந்து நினைவூட்டும்முன், நாமே கணக்கைத் தீர்த்துக்கொள்வோமாக.