வில்லியம்ஸ் அணியின் தேய்வு: எந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவது?

ஒரு நிறுவனம் எப்போது வீழத் தொடங்கியது என்ற வினா எளிதாகத் தோன்றும். வெற்றிகள் நின்ற ஆண்டைக் குறித்துக்கொண்டால் போதும் என்று எண்ணிவிடுவோம். ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் வில்லியம்ஸ் அணியின் வரலாறு இந்த எளிமைக்கு இடங்கொடுப்பதில்லை. 1980 முதல் 1997 வரையான 18 ஆண்டுகளில் அணிகளுக்கான உலகப் பட்டத்தை 9 முறை வென்ற அணி அது. அதன் கார்களை ஓட்டியவர்கள் அதே காலத்தில் 7 முறை உலகச் சாம்பியன் ஆனார்கள். அதன் பிறகு ஒரு பட்டமும் இல்லை. 2018, 2019, 2020 ஆகிய மூன்று பருவங்களையும் கடைசி இடத்தில் முடித்தது. 2019இல் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. 2020இல் அதுவும் இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் வில்லியம்ஸ் குடும்பம் அணியை டோரில்ட்டன் கேப்பிட்டல் என்னும் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது.

விளையாட்டு உலகின் பொது நினைவில் இந்த வீழ்ச்சிக்குப் பெரும்பாலும் ஒரு முகம் ஒட்டப்பட்டுள்ளது. நிறுவனர் ஃபிராங்க் வில்லியம்ஸின் மகள் கிளேர் வில்லியம்ஸ் 2013இல் துணைத் தலைவராகி அன்றாட நிர்வாகத்தை ஏற்றார். அவர் காலத்தில் அணி விற்கப்பட்டது. ஆகவே அவரே காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விளக்கு அணையும்போது அருகில் நின்றவரை, அணைத்தவர் என்று கருதும் பழக்கம் அரச வம்சங்களின் வரலாற்றிலும் உண்டு. இந்தக் கட்டுரை அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய முயல்கிறது. என் வாதம் இதுதான்: வில்லியம்ஸ் அணியின் தேய்வு, அது வென்றுகொண்டிருந்த 1996ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது.

மொழியியல் பயின்றவர்களுக்கு ஒரு பாடம் நினைவிருக்கும். ஒரு மொழி அருகிவருகிறதா என்பதை அறிய, பேசுவோரின் எண்ணிக்கையை மட்டும் நாம் பார்ப்பதில்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு அது கைமாறுகிறதா என்றே முதலில் கேட்கிறோம். ஓர் ஊரில் முதியவர்கள் சரளமாகப் பேசிக்கொண்டிருக்கலாம். பாட்டும் கதையும் குறைவின்றி நடக்கலாம். ஆனால் அங்கே குழந்தைகளைக் கொஞ்சும் மொழி வேறாகிவிட்டதென்றால் தேய்வு தொடங்கிவிட்டது. கணக்கெடுப்பில் அது தெரிய ஒரு தலைமுறை ஆகும். பந்தய அணிக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். ஒரு பருவத்தில் ஓடும் கார் முந்தைய ஆண்டின் சிந்தனையில் பிறந்தது. எனவே கோப்பை என்பது சென்ற ஆண்டு உழைப்பின் சான்று. அடுத்த ஆண்டு அந்த உழைப்பைத் தரப்போகிறவர்கள் கூரையின் கீழ் இருக்கிறார்களா என்பதைக் கோப்பை சொல்லாது.

அணியின் தோற்றத்தைப் பார்க்காமல் அதன் தேய்வைப் புரிந்துகொள்ள இயலாது. ஃபிராங்க் வில்லியம்ஸ் 1969இல் பிறர் கட்டிய பிரபம் காரை வாங்கி, நண்பர் பியர்ஸ் கரேஜை ஓட்டுநராகக் கொண்டு கிராண்ட் பிரி பந்தயங்களில் நுழைந்தார். அடுத்த ஆண்டு டச்சு கிராண்ட் பிரியில் கரேஜ் இறந்தார். கடன் பெருகியது. கட்டணம் கட்டாததால் தொலைபேசி துண்டிக்கப்பட்டு, தெருவோரப் பொதுத் தொலைபேசிக் கூண்டிலிருந்து அவர் வணிகம் நடத்திய கதை பந்தய உலகில் புகழ்பெற்றது. 1976இல் வால்டர் வுல்ஃப் என்னும் செல்வந்தர் அணியைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டார். தம் பெயரில் இயங்கிய அணியில் தமக்கே அதிகாரமில்லாத நிலையை ஃபிராங்க் அப்போது கண்டார். 1977இல் அதைவிட்டு வெளியேறி, பொறியாளர் பாட்ரிக் ஹெட்டுடன் சேர்ந்து, டிட்காட் நகரில் தரைவிரிப்புக் கிடங்காக இருந்த கட்டடத்தில் புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். 1979இல் சில்வர்ஸ்டோனில் கிளே ரெகஸோனி முதல் வெற்றியைத் தந்தார். 1980இல் ஆலன் ஜோன்ஸ் உலகச் சாம்பியன். அணிக்கும் முதல் பட்டம்.

இந்த வரலாறு ஃபிராங்கின் மனத்தில் இரண்டு கொள்கைகளை ஊன்றியதாகக் கருதலாம். ஒன்று, உரிமையை எவருக்கும் விட்டுக்கொடுக்கலாகாது. இரண்டு, காரே முதன்மை. ஓட்டுநர் எவ்வளவு பெரியவராயினும் ஊழியரே. 1986 மார்ச்சில் பிரான்சில் நேர்ந்த கார் விபத்தில் அவர் கைகால் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே பல பதிற்றாண்டுகள் அணியை நடத்தினார். அத்தகைய மனிதரின் பிடிவாதத்தைக் குறை என்று மட்டும் எழுதிவிட முடியாது. அந்தப் பிடிவாதமே அணியைக் கட்டியது.

முதல் எச்சரிக்கை 1987இல் வந்தது. ஹோண்டா எஞ்சினுடன் 1986, 1987 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அணிப் பட்டம் வில்லியம்ஸுக்கே. ஆனால் ஒப்பந்தத்தில் ஓராண்டு எஞ்சியிருக்கையிலேயே ஹோண்டா விலகியது. அடுத்த பருவத்தில் ஜட் எஞ்சினுடன் ஓடிய அதே அணி ஒரு பந்தயத்திலும் வெல்லாமல் ஏழாம் இடத்துக்கு இறங்கியது. வெற்றியின் ஒரு பெரும்பகுதி வெளியிலிருந்து வருவது, அது எந்நேரமும் திரும்பிப் போகக்கூடியது என்ற உண்மை அப்போதே வெளிப்பட்டது. ஆனால் 1989இல் ரெனோ எஞ்சின் கிடைத்தது. மீட்சி விரைவாக வந்ததால் எச்சரிக்கையின் பொருள் மங்கிப்போனது.

1990இல் அட்ரியன் நியூவே என்னும் காற்றியக்க வல்லுநர் அணியில் சேர்ந்தார். ஹெட்டின் பொறியியல் ஒழுங்கும் நியூவேயின் கற்பனையும் இணைந்ததன் விளைவே 1992இன் எஃப்.டபிள்யூ.14பி. கணினி இயக்கும் சஸ்பென்ஷன், சக்கரம் வழுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு, பாதி தானியங்கும் கியர்பாக்ஸ் ஆகிய மூன்றும் ஒரே காரில் அமைந்தன. நைஜல் மான்செல் பருவத்தின் முதல் 5 பந்தயங்களையும் தொடர்ந்து வென்றார். 16 பந்தயங்களில் 9 அவருடையவை. பட்டம் வென்ற கையோடு அவர் அமெரிக்கப் பந்தயங்களுக்குப் போய்விட்டார். 1993இல் அலென் ப்ராஸ்ட் வென்றார். அயர்ட்டன் சென்னா அணிக்கு வருவது உறுதியானதும் ஓய்வு பெற்றார். 1994 மே 1 அன்று இமோலாவில் வில்லியம்ஸ் காரிலேயே சென்னா உயிரிழந்தார். 1996இல் டேமன் ஹில் வென்றார். அடுத்த ஆண்டுக்கு அவருக்கு இடமில்லை என்பது பட்டம் உறுதியாகும் முன்பே தெரிந்துவிட்டது. சாம்பியன்கள் போனாலும் கார் வெல்லும் என்ற கொள்கை மீண்டும் மீண்டும் மெய்யானது. மெய்யாகிக்கொண்டே இருந்ததுதான் ஆபத்து. ஓட்டுநர்களுக்குப் பொருந்திய அளவுகோலைக் கார் வரைபவருக்கும் பொருத்தலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்தே வளர்ந்திருக்க வேண்டும்.

நியூவே ஓட்டுநர் தேர்வு போன்ற பெரிய முடிவுகளில் தம் குரலுக்கு இடம் வேண்டும் என்று எதிர்பார்த்தார். அது கிடைக்கவில்லை. உரிமை ஃபிராங்கிடமும் ஹெட்டிடமுமே இருந்தது. 1996 இறுதியில் நியூவே வெளியேறி மறு ஆண்டு மெக்லாரனில் சேர்ந்தார். 1997இல் ஜாக் வில்நவ் பட்டம் வென்ற வில்லியம்ஸ் கார், நியூவேயின் கை பட்ட கடைசிக் கார். ஹெரெஸ் நகரில் அந்தப் பட்டத்தைக் கொண்டாடியவர்கள் வரைபலகை ஏற்கெனவே காலியாகிவிட்டதைக் கொண்டாட்ட இரைச்சலில் உணர்ந்திருக்க மாட்டார்கள். மொழி உவமையில் சொன்னால், 1997 என்பது முதியவர்கள் பாடிய கடைசிப் பெரிய திருவிழா. அதே ஆண்டு இறுதியில் ரெனோ நிறுவனமும் விலகியது. 1998, 1999 ஆகிய இரு பருவங்களில் வில்லியம்ஸ் ஒரு பந்தயத்தையும் வெல்லவில்லை. 1998இல் ஓட்டுநர் பட்டமும் அணிப் பட்டமும் மெக்லாரனுக்குப் போயின.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். காரணம் பணந்தானே, பெரும் கார் நிறுவனங்களோடு ஒரு தனியார் அணி எப்படிப் போட்டியிடும் என்று கேட்கலாம். இதில் பேருண்மை இருக்கிறது. 2000இல் பி.எம்.டபிள்யூ எஞ்சின் வந்தது. 2001 முதல் 2004 வரை 10 பந்தயங்களில் வெற்றி கிடைத்தது. 2003இல் அணிப் பட்டம் 14 புள்ளிகளில் கைநழுவியது. பிறகு பி.எம்.டபிள்யூ அணியையே தன்வசமாக்க விரும்பியது. ஃபிராங்க் மறுத்தார். 2005இல் அது சாபர் அணியை வாங்கிப் பிரிந்துசென்றது. அவர் விற்றிருக்க வேண்டும் என்று இன்று சொல்வது எளிது. ஆனால் பி.எம்.டபிள்யூ தன் சொந்த அணியுடன் வென்றது ஒரே ஒரு பந்தயம், 2008இல் கனடாவில். ஹோண்டா 2008 இறுதியிலும், பி.எம்.டபிள்யூ, டொயோட்டா இரண்டும் 2009 இறுதியிலும் களத்தைவிட்டே வெளியேறின. டொயோட்டா எட்டுப் பருவங்கள் ஓடியும் ஒரு வெற்றி கூடப் பெறவில்லை. கார் நிறுவனங்கள் வரும், போகும் என்ற ஃபிராங்கின் ஐயம் பிழையன்று.

எனவே பணம் மட்டும் முழு விளக்கமாகாது. உரிமையை வெளியாருக்கு விற்க மறுத்ததை நான் குறையாகக் கருதவில்லை. உள்ளே வளர்ந்தவர்களுக்கும் அதைப் பகிரவில்லை என்பதையே குறையாகக் கருதுகிறேன். நியூவே மெக்லாரனிலும், பின்னர் ரெட் புல்லில் 2010 முதல் 2013 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகளும், பட்டங்கள் குவித்த கார்களை உருவாக்கினார். டோட்டோ வோல்ஃப் 2009இல் வில்லியம்ஸில் பங்கு வாங்கியவர். 2012இல் அதன் நிர்வாகத்திலும் இருந்தார். 2013 தொடக்கத்தில் மெர்சிடிஸுக்குப் போனார். அந்த அணி 2014 முதல் 2021 வரை 8 ஆண்டுகள் தொடர்ந்து அணிப் பட்டத்தை வென்றது. ராஸ் பிரானும் இளமையில் இங்கே பணி கற்றவரே. வில்லியம்ஸ் ஒரு சிறந்த பள்ளியாக இருந்தது. அங்கே பயின்றவர்கள் ஆசிரியர்களானது வேறு பள்ளிகளில்.

பி.எம்.டபிள்யூ பிரிந்த பின் 2006இல் காஸ்வொர்த் எஞ்சினுடன் அணி எட்டாம் இடத்துக்கு இறங்கியது. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான கோவையின் நரேன் கார்த்திகேயன், வில்லியம்ஸில் சோதனை ஓட்டுநராகப் பணியாற்றிய 2006, 2007 ஆண்டுகள் இந்த இறங்குமுகத்தில்தான் அமைந்தன. நம்மூர்ச் செய்தித்தாள்களுக்கு வில்லியம்ஸ் அப்போதும் ஒரு மாபெரும் பெயர். பெயர் தேய்வதற்குச் செயல் தேய்வதைவிட அதிக காலம் பிடிக்கிறது. 2012 மே மாதம் பார்சலோனாவில் பாஸ்டர் மல்டொனாடோ பெற்ற வெற்றி அணியின் 114ஆவது வெற்றி. அந்த எண்ணிக்கை அதற்குமேல் ஏறவில்லை.

இந்தப் பின்னணியில் கிளேர் வில்லியம்ஸின் ஆண்டுகளைப் படித்தால் சித்திரம் மாறுகிறது. 2013இல் அணி ஒன்பதாம் இடம். 2014இல் விதிகள் மாறி, மின்விசையும் சேர்ந்த புதிய எஞ்சின்கள் வந்தபோது வில்லியம்ஸிடம் களத்திலேயே சிறந்ததான மெர்சிடிஸ் எஞ்சின் இருந்தது. 2014, 2015 இரண்டிலும் மூன்றாம் இடம். ஆனால் அந்த உயர்வு 1989இன் மீட்சியைப் போலவே எஞ்சினோடு வந்தது. பிற அணிகள் எஞ்சின் குறையைச் சரிசெய்ததும் காரின் உடலில் இருந்த குறை தெரிந்தது. 2019இல் பருவத்துக்கு முந்தைய சோதனை ஓட்டத்தின் முதல் இரண்டு நாள்களுக்குக் காரே தயாராகவில்லை. அவர் பிழை செய்யவில்லை என்று நான் வாதிடவில்லை. அவரிடம் வந்து சேர்ந்தது என்ன என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்கிறேன்.

வந்து சேர்ந்தது என்ன என்பதற்கு ஒரு சான்று பின்னாளில் வெளிப்பட்டது. 2023இல் தலைமை ஏற்ற ஜேம்ஸ் வௌல்ஸ், ஏறத்தாழ 20,000 உதிரி பாகங்களின் பட்டியல் ஓர் எக்செல் கோப்பிலேயே பராமரிக்கப்பட்டதைக் கண்டு திகைத்ததாகக் கூறினார். எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, எப்போது தயாராகும் என்பது முறையான அமைப்பில் இல்லை. அதை அறிந்தவர்களின் நினைவில் இருந்தது. அவர்கள் வெளியேறும்போது அதுவும் வெளியேறும். எழுதப்படாத இலக்கணம் பேசுபவரோடு மறைவதைப் போன்றது இது.

ஃபிராங்க் வில்லியம்ஸ் 2021 நவம்பர் 28 அன்று காலமானார். அணி இன்றும் அவர் பெயரிலேயே ஓடுகிறது. டைரெல் அணியின் வழித்தோன்றல் இன்று மெர்சிடிஸ் என்ற பெயரில் இருக்கிறது. பெனட்டன் ரெனோவாகிப் பட்டங்கள் வென்றது. அவை பெயரைக் கொடுத்து வெற்றியைப் பெற்றன. வில்லியம்ஸ் பெயரைக் காத்தது. எது மேல் என்று வரலாற்று மாணவர் தீர்ப்பு வழங்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை நாம் உறுதியாகச் சொல்லலாம். ஓர் ஆய்வுத் துறையோ, நூலகமோ, பதிப்பகமோ, பந்தய அணியோ, எதுவாயினும், அதன் நலத்தை அளக்க விருதுப் பட்டியலைக் கேட்பது போதாது. அடுத்து அந்த வேலையைச் செய்யப்போகிறவர் யார், அவருக்கு அங்கே என்ன உரிமை என்று கேட்க வேண்டும். 1996இல் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். அந்த ஆண்டு வில்லியம்ஸ் 16 பந்தயங்களில் 12ஐ வென்றிருந்ததால் எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.